புதுச் சட்டிச் சம்பல்

றஹ்மத்தும்மா மற்றவர்களின் பிழையை மறக்காத பெண். இதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். மீன்காரன் எப்போது பழைய பாரையைப் புதிது என்று தலையில் கட்டினான், எந்தக் கலியாண வீட்டில் யார் தன்னைக் கண்டும் காணாத மாதிரிப் போனார்கள், எல்லாம் அவளிடம் கைவசம் இருக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், தன் பிழைக்கும் அவள் சலுகை கொடுப்பதில்லை. சோறு குழைந்துவிட்டால் குழைந்த சோற்றைத் தான் மட்டும் தின்று, வீட்டுக்காரருக்குப் புதிதாக உலை வைப்பாள். அப்படிப்பட்டவளோடு ஒரே குசினியில் புழங்குவது லேசான காரியமா என்று மருமகள் ஷம்னாவைத்தான் கேட்கவேண்டும்.

ஷம்னாவின் பேரில் அப்போது ஒரு பெரிய பிழை நின்றது. நோன்பு மாதத்தில் விடியப்புறச் சாப்பாட்டுக்கு, அதாவது ஸஹருக்கு, எல்லோரையும் எழுப்பும் பொறுப்பை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். ஒருநாள் அலாரம் அடித்ததும் அதை அணைத்துவிட்டுச் சும்மா கண்ணை மூடினாள். திறந்தபோது பள்ளியில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்க வெறும் வயிற்றோடு நோன்பு பிடித்தது. மாமனார் லாபிர் பரவாயில்லை என்று கடைக்குப் போய்விட்டார். புருசன் றிஸ்வான் சிரித்தான். றஹ்மத்தும்மா மட்டும் சிரிக்கவில்லை. பெருநாள் வந்து போய், அதன்பிறகு விரும்பினவர்கள் பிடிக்கிற ஆறு நோன்பும் தொடங்கிவிட்டது. இன்னமும் ஷம்னா தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்தால், "ஸஹருக்கு எழுப்பின ஆள்தானே" என்று ஒரு சொல் வந்து விழும். அவள் சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு வருவாள்.

அந்த நாட்களில்தான் பக்கத்து வளவுத் தம்பிராசா இறந்துபோனார்.

தம்பிராசா சண்டிலிப்பாயில் தோட்டம் செய்தவர். பிள்ளையின் படிப்புக்காகப் பட்டினத்தில் வீடு வாங்கி வந்தவர். சண்டைக்காலத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, இருபது வருசத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டு றஹ்மத்தும்மா குடும்பம் திரும்பி வந்தபோது அவர்களுடைய வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குள் ஆலமரம் நின்றது. முதல்நாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, எங்கடை கிணத்திலை அள்ளுங்கோ என்று சொன்னவர் தம்பிராசா. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தவள் அவருடைய மனைவி மீனாம்பிகை. அன்றிலிருந்து பெருநாளுக்கு வட்டிலப்பம் அங்கே போகும், தைப்பொங்கலுக்குப் பொங்கல் இங்கே வரும். திரும்பி வந்த ஊரில் தன்னை ஊர்க்காரியாக நினைத்த முதல் ஆள் மீனாம்பிகை என்பது றஹ்மத்தும்மாவின் எண்ணம். வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமும் இல்லை.

மனிதர் ஒரு காலைப்பொழுதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மகன் கோபிசங்கர் கனடாவிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். எட்டாம்நாள் படையலான எட்டுச் செலவு முடியும்வரை அந்த வீட்டில் மச்சம் கிடையாது. மீனும் இறைச்சியும் படலைக்குள்ளேயே வரக்கூடாது. செத்தவீட்டில் சமைக்க விடாமல் ஒழுங்கையிலுள்ள பெண்கள் ஆளுக்கொரு நேரச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்தார்கள். றஹ்மத்தும்மாவும் ஒரு பின்னேரத்தைக் கேட்டாள். சண்டிலிப்பாயிலிருந்து வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி முகத்தைச் சுழித்தாள். மச்சம் புழங்கும் சட்டி என்று மெல்லிய குரலில் இழுத்தாள். மூலையில் சுருண்டு கிடந்த மீனாம்பிகை அப்போது தலையைத் தூக்கி, றஹ்மத்து செய்தால் நான் சாப்பிடுவன் என்றாள். அன்றைக்கு அவள் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தைக்காக றஹ்மத்தும்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. புதுச் சட்டி வாங்கினாள், புது அகப்பை வாங்கினாள். உரலைப் புளி போட்டுத் தேய்த்து, ஷம்னாவைக் கொண்டு மறுபடி தேய்ப்பித்து, வெயிலில் காயவிட்டாள். இடியப்பம் அவித்துச் சொதி வைத்தாள். செத்தல் மிளகாய் பொரித்துத் தேங்காய்ப்பூவோடு சம்பல் இடித்தாள். அன்று அவளுக்கு நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். றஹ்மத்தும்மாவுக்கு அந்த மாதிரிச் சமாளிப்பெல்லாம் சரிவராது. கைக்கணக்கில் உப்பைப் போட்டாள், தேசிக்காய் பிழிந்தாள். ஷம்னா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். சம்பல் நல்லாயிருந்தது என்று மீனா மாமி சொல்லிவிட்டாள் என்ற செய்தியும் வெறும் சட்டியோடு வந்து சேர்ந்தது. றஹ்மத்தும்மாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

பொழுதுபட்டது. பேரீச்சம்பழத்தால் நோன்பைத் திறந்து, கஞ்சியைக் குடித்து, மிச்சம் வைத்திருந்த சம்பலை இடியப்பத்தோடு பிசைந்து வாயில் வைத்தாள்.

மாசி.

மென்றதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எழுந்து குசினிக்குள் போய்ப் பார்த்தாள். உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் மாசித்தூள் போத்தல் மூடி திறந்தபடி இருந்தது. காய்ந்த மீனை இடித்த அந்தத் தூள் இல்லாமல் அவள் இதுவரை சம்பல் இடித்ததே இல்லை. சட்டியைப் புதிதாக வாங்கினாள், அகப்பையைப் புதிதாக வாங்கினாள், கை பழைய கைதானே. உப்பை வைத்த கை தன்பாட்டில் அடுத்த போத்தலை எடுத்திருக்கிறது.

அவள் வீட்டாரிடம் சொன்னாள். லாபிர் கேட்டுவிட்டு, இதை இத்தோடு விடு என்றார். அவர்களுக்குத் தெரியாது, உன்னுடைய நிய்யத்து, மனசின் எண்ணம், அல்லாஹ்வுக்குத் தெரியும், சொல்லி ஏன் அந்த மனிசியை மேலும் நோகப்பண்ணுவான் என்பது அவருடைய நியாயம். நியாயம் சரிதான். ஆனால் றஹ்மத்தும்மாவின் நெஞ்சுக்குள் அது இறங்கவில்லை. கொள்ளி வைத்த பிள்ளை அதைச் சாப்பிட்டிருந்தால்? அத்தனை சொந்தக்காரருக்கு முன்னால் மீனாம்பிகை தன்னை நம்பிச் சொன்ன வார்த்தை என்னாவது? தெரிந்தால் அவள் இனிமேல் இந்த வீட்டுத் தண்ணிகூடக் குடிக்கமாட்டாள். தெரியாவிட்டால், ஆயுள் முழுக்க அவளுடைய முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் மாசி மணக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் மீனாம்பிகை கைவிட்டுப் போனதாகவே தோன்றியது.

அடுத்தநாள் ஸஹருக்கு எழுந்து எல்லோருக்கும் சோறு போட்டாள். தான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நோன்பு பிடித்தாள். விடிந்ததும் கிணற்றடியில் குந்தியிருந்து, ஏற்கெனவே பளபளவென்றிருந்த அந்தப் புதுச் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்தாள், கழுவினாள், மறுபடி தேய்த்தாள். பார்த்துக்கொண்டு நின்ற ஷம்னா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மாமி, ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கப்படாது."

"கேள்."

"மீனா மாமி இப்பிடி ஒரு பிழை விட்டிருந்தா, அவவை நீங்கள் ஸஹர் இல்லாமல் பட்டினி கிடக்கச் சொல்லுவீங்களோ?"

"என்ன விசர்க் கதை. அவ வேணுமெண்டே செய்வா? தெரியாமல் செய்த மனிசியை ஏன் போட்டு வதைப்பான்…"

சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். ஷம்னா சட்டியைப் பார்த்தபடி இருந்தாள். அலாரத்தை அணைத்துவிட்டு அசந்துபோன ஒரு பிள்ளையைத் தான் எத்தனை நாளாகச் சொல்லாலேயே குத்திக்கொண்டிருக்கிறோம் என்பது றஹ்மத்தும்மாவுக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தாய்தகப்பனைவிட்டு, தெரியாத ஊரில் தன்னை நம்பி வந்த பிள்ளை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை வைத்து இன்னொரு நேரம் பட்டினி கிடக்கலாமா என்றும் மனம் ஒரு கணம் யோசித்தது. பழக்கதோஷம்.

"உன்னை நான் கனக்க வருத்திப்போட்டன், மகள்," என்றாள். "இனி ஸஹருக்கு நீயே எழுப்பு. எழுப்பாட்டியும் பரவாயில்லை."

ஷம்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "வாங்கோ, மீனா மாமியிட்டைப் போவம். சொல்லாட்டி உங்களாலை அவவோடை பழையபடி கதைக்க ஏலாது. நானும் வாறன்."

வீட்டு வேலைகளை முடித்து அவர்கள் போனபோது மத்தியானமாகிவிட்டது. மீனாம்பிகை சுவரோரமாகப் பாயில் இருந்தாள். தம்பிராசாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. சொந்தக்காரப் பெண்கள் பின்னால் கிணற்றடியில் நின்றார்கள். ஒழுங்கையிலுள்ள இராசாத்தியின் வீட்டிலிருந்து வந்த மத்தியானச் சோறு மூடியபடி ஒரு பக்கத்தில் இருந்தது. றஹ்மத்தும்மா முன்னால் இருந்து, சுற்றிவளைக்காமல் சொன்னாள். புதுச் சட்டியைச் சொல்லவில்லை, உரல் தேய்த்ததைச் சொல்லவில்லை. பழக்கத்தில் கை மாசியைப் போட்டுவிட்டது, நோன்பென்றபடியால் ருசி பார்க்கவில்லை, பிழை என்னுடையது என்று மட்டும் சொன்னாள்.

ஷம்னா மாமியின் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

"கோபி சாப்பிடேல்லை," என்றாள் மீனாம்பிகை. "அவனுக்கு இப்ப எங்கடை உறைப்பு வயித்துக்குச் சரிவராது. சொதியோடை ரண்டு இடியப்பம் சாப்பிட்டிட்டு எழும்பினவன். மற்ற ஆக்களும் தொடேல்லை. சம்பல் முழுக்க நான்தான் சாப்பிட்டனான்."

றஹ்மத்தும்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதியோடு அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். மீனாம்பிகை கையைக் காட்டி மறித்தாள்.

"உமக்குத் தெரியுமோ, அவர் போன நாளிலை இருந்து என்ரை வாயிலை ஒண்டும் ருசிக்கேல்லை. மண் மாதிரிக் கிடந்துது. அண்டைக்குத்தான் ருசிச்சுது. ஆசையாய்ச் சாப்பிட்டன். சாப்பிட்டு முடிய என்னிலையே எனக்கு அருவருப்பு வந்திட்டுது. மனிசனைச் சாக்காட்டிப்போட்டு, நான் சம்பலுக்கு நாக்கைச் சப்புறன் எண்டு."

"ஆர் சாக்காட்டினது? என்ன கதைக்கிறியள் அக்கா?"

பிறகுதான் அது வெளியே வந்தது. அன்று காலை தம்பிராசா நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னாராம். முதல்நாள் பலாக்காய்க் கறி சாப்பிட்டவர், வாய்வாக இருக்கும் என்று மீனாம்பிகை ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்தாளாம். மனிதர் அதை நல்ல பிள்ளை மாதிரிக் குடித்துவிட்டுக் கொஞ்சம் சுகம் என்று படுத்தாராம். அவள் முருங்கையிலை உருவப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கூப்பிட்டதற்குச் சத்தமில்லை. மகனுக்கு இதைச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டுக் காகத்துக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பலுக்குப் பிறகு சோற்றில் கைவைப்பதுகூட இல்லை.

"நீர் சொல்லும் றஹ்மத்து. பொய் சொல்லாதையும். அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருந்தா, இருந்திருப்பார்தானே?"

வந்தவர்கள் எல்லோரும் விதி என்று சொன்னார்கள், காலம் முடிந்தது என்று சொன்னார்கள். அவற்றைச் சொல்ல றஹ்மத்தும்மாவுக்கும் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. கேட்டவள் உண்மையைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது அக்கா," என்றாள். "இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் என்ரை மனிசன் நெஞ்சு அடைக்குது எண்டு வந்து நிண்டிருந்தா, நானும் ஓமத்தண்ணிதான் காய்ச்சியிருப்பன். அதுவும் சீனி போட்டு."

மீனாம்பிகை அவளையே பார்த்தாள். முகம் மெல்ல மெல்லக் கோணியது. செத்தவீட்டில் எல்லோரும் பார்க்க அழுததெல்லாம் வேறு. இப்போதுதான் அவள் தனக்காக அழுதாள். றஹ்மத்தும்மா கிட்ட நகர்ந்து அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தெரியாமல் செய்தவளை வதைக்கக் கூடாது என்று காலையில் தன் வாயால் சொன்னதைத் தனக்கே இன்னொரு தரம் சொல்லிக்கொண்டாள். இந்தமுறை அது உள்ளே இறங்கியது.

நன்றாக அழுது ஓய்ந்த பிறகு மீனாம்பிகை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"பசிக்குது," என்றாள். ஏதோ கூடாததைச் சொல்லிவிட்டவளைப் போல உடனே தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா தனிய இருந்து சாப்பிட ஏலாமல் கிடக்கு. கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து அவரோடை இருந்துதான் சாப்பிட்டுப் பழக்கம்."

றஹ்மத்தும்மா மூடியிருந்த சோற்றைப் பார்த்தாள். அவள் பிடித்திருந்தது கடமையான நோன்பு இல்லை. பிறர் மனம் கோணாமல் இருக்க அதை விடலாம் என்று பள்ளியில் பயான் சொல்லக் கேட்டிருக்கிறாள். அந்தச் சலுகை வேறு யாருக்கோ என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அவளுக்கும்தான் பசித்தது. நேற்று நோன்பு திறந்து குடித்த கஞ்சிக்குப் பிறகு, ஒரு வாய் தண்ணீரைத் தவிர வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை.

"மகள், மீனா மாமிக்குச் சோத்துக் கோப்பையை எடு," என்றாள். "எனக்கும் ஒண்டு."

ஷம்னா திடுக்கிட்டு மாமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கோப்பையிலும் சோறு போட்டு, பருப்பும் கத்தரிக்காயும் வைத்தாள். மீனாம்பிகை பிசையத் தயங்கி, கையைச் சோற்றில் வைத்தபடி காத்திருந்தாள். றஹ்மத்தும்மா பிஸ்மி சொல்லி முதல் வாய் சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிட்டாள்.