நண்டு வாளி

வாளித் தண்ணீரில் நண்டு இல்லை. ஆனாலும் பன்னிரண்டு நத்தைகளும் கல்லின் உச்சிக்கு ஏறி, காய்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

கோவளத்துப் பாறைகளில் இந்தக் கறுப்பு நத்தைகள் உயரத்தில்தான் இருக்கும். அங்கே வெயில் சுடும். மேய்வதற்கும் அதிகம் இல்லை. பச்சைப்பாசி எல்லாம் கீழே, நண்டுகள் நடமாடும் இடத்தில். நண்டு இல்லையென்றால் நத்தைகள் கீழே தங்கும் என்று கல்லூரியில் வருடாவருடம் பாடம் நடத்துகிறேன். அதை வீட்டிலேயே பார்க்கலாமென்று கல்லும் கடல்நீரும் கொண்டுவந்திருந்தேன்.

நானும் மாடியில்தான் இருக்கிறேன். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை. கீழே அண்ணன் சாலமோன் இருந்தார். அவர் அடித்ததில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் தொண்டையைச் செருமினால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். போன மாதம் அவர் கோயம்புத்தூருக்கு, மகன் ஜோஸ்வின் வீட்டோடு போய்விட்டார். போனில் கேட்டார்: "டெபோரா, நீ கீழ வர்றியா, இல்ல வாடகைக்கு விட்டுடட்டுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு."

இன்று சனி. இந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை கீழே படுக்கப் போனேன். இரண்டு முறையும் தலையணையோடு மேலே வந்துவிட்டேன்.

காலையில் மீன் கொண்டுவந்த புஷ்பலதா, கல் இருந்த வாளியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, என் வாளியில நத்தை வளக்குறியா?"

"நீதானே குடுத்த?"

"தண்ணி மொள்ளத்தான் குடுத்தேன். நாலு வருசமா அதுல நண்டுதான் போட்டுகினு கீறேன்."

"கழுவிட்டேனே."

"நீ கழுவினா போய்டுமா? என் மருமவ இன்னும் மூக்கப் பொத்திக்கினு போறா!"

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நத்தைக்குக் கண்ணைவிட மோப்பம்தான் பெரிது என்பதும் என் பாடத்தில் உண்டு.

புதுத் தொட்டி, பாசி படிந்த வேறு கல், கேனில் மீந்திருந்த கடல்நீர். நத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீருக்குள் வைத்தேன். முதலில் எல்லாமே ஏறின. அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. கீழே போனேன்.

கூடத்தில் அண்ணனின் பிரம்பு நாற்காலி. அதைச் சுற்றித்தான் இத்தனை நாளும் நடந்திருக்கிறேன், ஆள் இல்லாதபோதும். அதன் முதுகில் தைல வாசனை. ஜன்னல்களைத் திறந்தேன். திரைச்சீலைகளைக் கழற்றி ஊறவைத்தேன். தரையை இரண்டு தடவை கழுவினேன். நாற்காலி கனமாக இருந்தது. படிக்கட்டில் மூன்று இடத்தில் நின்று நின்று மாடிக்குக் கொண்டுபோனேன்.

மாலையில் பார்த்தபோது ஏழு நத்தைகள் நீருக்குள் இறங்கிப் பாசியில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஐந்து இன்னும் உச்சியில். அவற்றை நான் தொடவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"வாடகைக்கு விட வேணாம். நான் கீழ வந்துட்டேன்."

அவர் தொண்டையைச் செருமினார்.

"என் நாற்காலி?"

"மாடியில இருக்குண்ணா. வந்தா மேல உக்காருங்க, நல்லா காத்து வரும்."