பறையில்லாத செத்தவீடு

செத்தவீட்டுக்குப் போக ஆழ்வாப்பிள்ளை வேட்டியை உடுத்தினார். நாலு தரம் அவிழ்த்து உடுத்தியும் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

செத்தது அவருடைய தம்பியின் மகன் தம்பையா. தெற்கே தங்காலையில் கடை வைத்திருந்தவன். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் சிங்களக் கும்பல் ஒன்று அவனைக் கடைக்குள் வைத்தே வெட்டிவிட்டது. பிரேதம் வரவில்லை. தெற்கே வேறோர் ஊரில் கடையில் நின்று, அகதிக் கப்பலில் தப்பி வந்த ஊர்க்காரன் அப்புத்துரை செய்தியை மட்டும் கொண்டுவந்தான். ஆழ்வாப்பிள்ளையின் மகன் மார்க்கண்டு கொழும்பு முகாமில் உயிரோடு இருக்கிறான் என்பதையும் அவன்தான் சொன்னான்.

ஆனால் ஆழ்வாப்பிள்ளையை நிலைகொள்ளாமல் செய்தது மகனைப் பற்றிய கவலை அல்ல. குசினி அடுப்படியில் தலைமுடியை முடிந்துகொண்டு நின்ற மருமகள் சோமேஸ்வரி.

வடக்கே தீவிலிருந்த அவர்கள் ஊரான இறுப்பிட்டியின் சனத்துக்கு அவள் தாய் தகப்பனை இழந்த மட்டக்களப்புப் பெண். உண்மையில் அவள் பெயர் சோமாவதி. மார்க்கண்டு தங்காலையில் தாலி கட்டிய சிங்களப் பெண். படுக்கையில் கிடந்த தாயைப் பார்ப்பதற்கென்று அவன் அவளைக் கொண்டுவந்து விட்டபோது, மட்டக்களப்பு என்ற பொய்யை முதலில் சொன்னவர் ஆழ்வாப்பிள்ளைதான். பரம்பரையாகக் கோயில் திருவிழாச் செய்கிற குடும்பம். அதன் பெயருக்கு ஒரு களங்கம் வரக்கூடாது என்று சொன்ன பொய். இப்போது அவளுடைய உயிர் அந்தப் பொய்யில் தொங்கியது.

சொற்களெல்லாம் அவளுக்கு வந்துவிட்டன. ‘ஓம்’ என்பாள், ‘ஏலாது’ என்பாள், ‘வந்தனான்’ என்பாள். மட்டக்களப்பாருக்கு அடையாளமாக இடையிடையே ‘பிறகு’ என்பதற்கு ஒரு ‘மறுகா’வும் போட்டுக்கொள்வாள். வராதது ஒன்றே ஒன்று. தீவார் வசனத்தின் வாலை இறக்கி வெட்டி விடுவார்கள். அவள் அதை மேலே தூக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றித்தான் விடுவாள்.

வேலிப் படலையடியில் பக்கத்து வீட்டு அன்னபூரணத்தின் குரல் கேட்டது.

“சோமேஸ், இன்னும் வெளிக்கிடேல்லையே? பொம்பிளையள் எல்லாம் போட்டினம்.”

“இந்தா வாறன் அக்கா. கதவைப் பூட்டிப்போட்டு மறுகா வாறன்.”

அன்னபூரணம் சிரித்தாள். “பாருங்கோ அம்மான், இத்தனை வருசமாச்சு. இவளின்ரை கதை இன்னும் ஊஞ்சல் ஆடுது. மட்டக்களப்பார் எல்லாரும் உப்பிடியே?”

“அந்தப் பக்கத்துப் பேச்சு அப்பிடித்தான். உன்ரை வாய் விடிஞ்சால் பொழுதுபடுமட்டும் நிக்கிறேல்லை. அதை ஆர் கேட்டவை?”

“பகிடியாச் சொன்னால் கோவிக்கிறியள்,” என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் முன்னே நடந்தாள்.

அவள் தூரப் போகும்வரை நின்று, ஆழ்வாப்பிள்ளை மருமகளிடம் குனிந்தார்.

“பிள்ளை, அங்கை வாயைத் திறவாதை. அப்புத்துரை நிப்பான். அவன் தெற்கிலை கடையிலேயே வளந்தவன்.”

“அழாமல் இருந்தால் சனம் என்ன சொல்லும் மாமா?”

“கல்நெஞ்சுக்காரி எண்டு சொல்லட்டும். சொல்லிப்போட்டுப் போகட்டும்.”

அவள் தலையாட்டினாள். ஆனால் கண் அப்போதே நிறைந்திருந்தது. தம்பையா ஊருக்கு வரும்போதெல்லாம் அவளுடைய தாய் கொடுத்துவிட்ட சிங்கள ஊர்க் கித்துள் கருப்பட்டியை அரிசிப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பான். மார்க்கண்டுவை விட்டால், அந்தத் தீவில் அவளுடைய தாயைக் கண்ணால் கண்டுவிட்டு வருகிற ஒரே மனிதன் அவன்.

மாமியார் செத்த அன்றும் அவள் வாய்விட்டு அழுதாள்தான். அன்றைக்கு முற்றத்தில் பறை முழங்கியது. யார் எப்படி அழுகிறார்கள் என்று எவருக்கும் கேட்கவில்லை. இன்றைக்குப் பிரேதம் இல்லை. அதனால் பறையும் இல்லை. தென்மேற்குச் சோளகக் காற்று பனைகளுக்குள் இரைந்தது. அது அடங்கும் நேரங்களில், உள்ளே ஒரு பெண் மூக்கைச் சிந்தினாலும் பந்தலுக்குக் கேட்டது.

பந்தலில் தலையில் காயக்கட்டோடு அப்புத்துரை இருந்தான். அவனைச் சுற்றி இளந்தாரிகள். முதல்நாள் கரையில் கருவாடு வாங்க வந்த ஒரு சிங்களவனை அடித்து, ஆளை வள்ளத்தில் போட்டுக் கடலுக்குள் தள்ளிவிட்ட கதை நடந்தது. ஆள் கரை சேர்ந்தானோ என்று ஒருவரும் கேட்கவில்லை.

“நான் அவங்களைப்போலையே கதைச்சுத்தான் தப்பினனான்,” என்றான் அப்புத்துரை. “உடுப்பை மாத்தலாம், பேரை மாத்தலாம். ராகத்தை மாத்தேலாது. ரெண்டு வசனம் கதைக்கட்டும், நான் ஆளைப் பிடிச்சுத் தாறன்.”

“அப்ப முதலிலை உனக்குத்தான் அடிபோடவேணும். நீ அரைச் சிங்களவனெல்லோ!” என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

 ஆழ்வாப்பிள்ளை மற்றவர்களோடு வாங்குப் பலகையில் இருக்கவில்லை. வாசலை மறைத்தபடி நின்றார்.

உள்ளே பெண்கள் வட்டமாக இருந்து, ஒருத்தியின் தோளில் ஒருத்தி கை போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். புதிதாக வருகிறவள் தம்பையாவின் மனைவி நாகமுத்துவைக் கட்டிக்கொண்டு தன் பங்குக்கு ஒப்பு என்கிற ஒப்பாரி சொல்லி அழவேண்டும். அது முறை. சோமேஸ்வரி தலையைக் குனிந்தபடி போய் உட்கார்ந்தாள். வாய் திறக்கவில்லை. வட்டத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

நாகமுத்து அவளை இழுத்து அணைத்தாள். “ஊருக்கு வந்தால், ‘என்ரை தங்கச்சியைப் பார்க்கவேணும்’ எண்டு சொல்லித்தானேயடி முதலிலை உன்ரை வீட்டை ஓடி வருவார். இனி ஆரடி வருவார்?”

சோமேஸ்வரியின் தோள் குலுங்கியது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தாள். தாங்கவில்லை. அழுகை வெளியே வந்தது.

அதில் சொல் ஒன்றும் இல்லை. வெறும் குரல். அடியில் தொடங்கி, மேலே ஏறி, உச்சியில் நடுங்கி, சுழன்று சுழன்று இறங்கியது. தீவில் எந்தப் பெண்ணும் அப்படி அழுததில்லை.

பந்தலில் பேச்சு நின்றது. அப்புத்துரை தலையை நிமிர்த்திக் காதைச் சாய்ப்பதை ஆழ்வாப்பிள்ளை கண்டார். அவன் கை வாங்கின் விளிம்பைப் பிடித்தது. எழும்பப் போகிறான்.

“ஐயோ, என்ரை ராசா!”

யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆழ்வாப்பிள்ளை பெண்களின் வட்டத்துக்குள் விழுந்து கிடந்தார். சால்வை எங்கேயோ போய்விட்டது. இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்து, பெண்கள் சொல்லுகிற ஒப்பையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உரத்து அழுதார்.

“நான் பெத்த பிள்ளையெல்லோ! என்னை விட்டிட்டுப் போட்டியே, என்ரை துரையே!”

நாகமுத்து திகைத்துத் தன் அழுகையை நிறுத்திவிட்டாள். வாசலில் கூடிய இளந்தாரிகளில் ஒருவன் வாயைப் பொத்திச் சிரித்தான். “மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டுது போல,” என்று யாரோ சொன்னதும் அவருக்குக் கேட்டது.

அப்புத்துரை உள்ளே வந்து அவருடைய கக்கத்துக்குள் கை கொடுத்தான்.

“எழும்புங்கோ அம்மான். உங்களுக்கு அழகில்லை. ஊர்ச் சனமெல்லாம் பார்க்குது.”

ஆழ்வாப்பிள்ளை அவன் கண்ணைப் பார்த்தார். அவனுக்கு விளங்கிவிட்டதா இல்லையா என்று பிடிபடவில்லை. முதுகுக்குப் பின்னால் சோமேஸ்வரி மூச்சை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. அடுத்த அழுகை அவளுடைய தொண்டைவரை வந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. அவர் அப்புத்துரையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டி, அவனுடைய காதோடு தன் வாயை வைத்து, மறுபடியும் பெருங்குரல் எடுத்து அழத் தொடங்கினார்.