இரண்டு விரலில் போன கம்பி

லியோ பிரகாஷ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்குள் வந்து, கையிலிருந்த சாக்குப்பையை லேத்து மெஷின் பக்கத்தில் வைத்தான். உள்ளே இருந்தது ஒரு கப்ளிங். தட்டு அளவு இரும்பு, நடுவில் பல் வெட்டிய துளை, சுற்றிலும் ரப்பர். ரப்பர் கருகி நாறியது. பற்கள் பாதி காணாமல் போயிருந்தன.

"இதுவும் பூட்ச்சி," என்றான்.

கிறிஸ்டினா கரும்பு டிராக்டருக்கு ஒரு பின் கடைந்துகொண்டிருந்தாள். மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த லேத்துப் பட்டறை அவளுடையது. போர்டிலும் அவள் பெயர்தான். ஆரம்பத்தில் பம்பு ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயிகள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆம்பள யாரும் இல்லியாம்மா?" என்று கேட்பார்கள். "ஷாஃப்டு கடையணுமா, ஆம்பள பாக்கணுமா?" என்பாள் அவள். இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

லியோ அவள் புருஷன். மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் பக்கமெல்லாம் படகு இன்ஜின் ரிப்பேர் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அங்கே இருக்கிற படகுகளில் இன்ஜின் வெளியே, பின்பலகையில் தொங்கும். சின்னபொண்ணு வாங்கிய படகு வேறு மாதிரி. மூடிப்போன ஏதோ ஒரு ரிசார்ட்டிலிருந்து வந்த ஃபைபர் படகு அது. இன்ஜின் படகுக்குள்ளே உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றுகிற டிரைவ் மட்டும் பின்பலகைக்கு வெளியே இருக்கும். டிரைவின் ஷாஃப்டு பலகையிலுள்ள ஓட்டை வழியாக நுழைந்து, இன்ஜினில் இருக்கும் இந்தக் கப்ளிங்கில் சொருகிக்கொள்ள வேண்டும்.

சொருகிக்கொண்டதுதான். இரண்டு தடவையும் முகத்துவாரம் தாண்டுவதற்குள் அறுத்துக்கொண்டுவிட்டது.

கிறிஸ்டினா கப்ளிங்கை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். பற்கள் எல்லாப் பக்கமும் தேயாமல் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தன.

"டிரைவ எப்படி மாட்டினீங்க?"

"எப்படி மாட்டுவாங்க? நாலு பேரு புடிச்சித் தள்ளித்தான்."

"நாலு பேரு தள்ளித்தான் போச்சின்னா, இன்ஜினும் டிரைவும் நேரா இல்லன்னுதான அர்த்தம்?"

லியோவுக்குச் சுருக்கென்றது. "அது எனக்குத் தெரியாதா? நேரு பாக்கறதுக்குன்னு ஒரு கம்பி இருக்குது. டிரைவ் இருக்கற எடத்துல அத வுட்டுப் பாக்கணும். நம்ம ஊர்ல எவங்கிட்டயும் கெடயாது. கண்ணால பாத்துதான் வெச்சேன்."

"நான் கடையிறேன்."

"அது இன்னா டிராக்டர் பின்னு மாதிரியாடி? கொஞ்சம் பிசகினாலும் தப்பா காட்டும். உன்னால முடியுமா?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவன் கேட்காமல் இருந்திருக்கலாம். கிறிஸ்டினா மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்தாள். அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க?"

"மணப்பட்டுக்கு. அளவ நான்தான் எடுப்பேன்."

தவளக்குப்பம் சிக்னலில் நிற்கும்போது லியோ பாதி திரும்பி, "பொண்டாட்டியக் கூட்டியாந்து வேல பாக்கறான்னு சொல்லுவானுங்க," என்றான். "சொல்லட்டும். வேலதான பாக்கறோம்," என்றாள் அவள்.

படகு ஆற்றங்கரை மணலில், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் போட்ட இரண்டு பனைத் துண்டுகளின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சின்னபொண்ணு அதன் நிழலில் நின்றுகொண்டு, எதிரில் யாரும் இல்லாமலே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கூடை சுமந்து மீன் விற்றுத் தலையெடுத்தவள். இரண்டு முறையும் அவள் படகை வேறு படகுகள் கயிறு கட்டி இழுத்துவந்தபோது கரையே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை, தன்னோடு மீன் விற்கிற பெண்களையெல்லாம் கடலுக்குள் கூட்டிப்போவதாக வேறு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"இத்தினி வருசமா கடல் மீன விக்கிறோம். ஒருத்தியும் கடலுக்குள்ள போனதில்ல. தெரியுமா உனுக்கு?" என்றாள் கிறிஸ்டினாவிடம்.

"தெரியாதுக்கா. அந்தப் பக்கம் கொஞ்சம் நகருங்க, ஓட்டையில அளவு எடுக்கணும்."

பின்பலகை ஓட்டையிலிருந்த பேரிங்கின் உள்ளளவையும், மாட்டவிருந்த புதுக் கப்ளிங்கின் உள்ளளவையும் எடுத்தாள். எடுத்ததை நம்பாமல் மறுபடி எடுத்தாள். அப்புறம் பட்டறைக்குப் போய் நல்ல எஃகுக் கம்பி ஒன்றை லேத்தில் ஏற்றினாள். அன்றைக்கு வேறு வேலை எதையும் தொடவில்லை. கடைசியில் உப்புத்தாள் பிடித்து மெருகேற்றியபோது கம்பி கண்ணாடிபோலப் பளபளத்தது. எடுத்த அளவுக்கு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேளாங்கண்ணிக்குப் போய் வந்த மாதிரி மனசு நிறைந்திருந்தது.

சனிக்கிழமை காலை, புதுக் கப்ளிங்கோடு இன்ஜினைச் செயின் புல்லியில் தூக்கிப் படகுக்குள் இறக்கினார்கள். இன்ஜினுக்கு முன்னால் ஓர் ஆள் நுழைகிற சந்துதான் இருந்தது. லியோவின் தோள் அதில் இறங்கவில்லை. கிறிஸ்டினா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இன்ஜினின் முன்பக்க நட்டுகள் இரண்டும் அவள் கைக்கு எட்டின. அவற்றைத் திருப்பினால் இன்ஜினின் முகம் ஏறும், இறங்கும். லியோ வெளியே பின்பலகைப் பக்கம் நின்று கம்பியின் முனையில் கிரீஸ் தடவி உள்ளே விட்டான். வெளியே இழுத்து, பல் பட்ட தடத்தைப் பார்த்தான்.

"மேல மட்டும் பட்டிருக்குது. தூக்கு."

இரண்டு நட்டையும் ஒரே அளவு திருப்பினாள். அவன் மறுபடி விட்டு இழுத்தான்.

"இன்னும் கொஞ்சம்."

திருப்பினாள். முட்டி சிராய்த்தது, டீசல் நாற்றத்தில் தலை சுற்றியது. வெகுநேரம் இப்படியே போனது. திடீரென்று வெளியே சத்தத்தைக் காணோம்.

"இன்னா ஆச்சி?"

"கிறிஸ்டி... ரெண்டு வெரல்ல போவுதுடி!"

மேலே ஏறி வந்து பார்த்தாள். கிரீஸில் பல் தடம் சுற்றிலும் ஒரே சீராகப் பதிந்திருந்தது. லியோ டிரைவைத் தூக்க ஆள் கூப்பிட்டான். ஆனால் கிறிஸ்டினாவின் கண் படகுக்குக் கீழே போயிருந்தது.

"இருங்க. இந்தப் பனைத் துண்டு மேலதான் போன தபாவும் நின்னுச்சா?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"லேத்துல நீளக் கம்பிய ரெண்டு மொனையில மட்டும் புடிச்சா நடுவுல தொங்கும். நேரா கடைஞ்ச மாதிரியே இருக்கும், எறக்கிப் பாத்தா கோணல். இது ஃபைபர். இன்ஜின் கனத்துக்கு வயிறு தொங்காதா? தண்ணியில எறங்கினா தண்ணி மொத்தத்தையும் தாங்கும், படகு பழையபடி நிமிந்துடும். நாம வெச்ச நேரு எங்க நிக்கும்?"

"இது படகுடி. கம்பியில்ல."

"சரி. கோணி இருக்காக்கா?"

சின்னபொண்ணு ஓடினாள். நாலு வீடு ஏறி இறங்கிக் கோணிகளோடு வந்தாள். மணலை அள்ளி நிரப்பிப் படகின் அடிவயிறு முழுக்க, முன்னேயிருந்து பின்னேவரை மூட்டைகளை அடுக்கினார்கள். பிறகு பனைத் துண்டுகளை உருவினார்கள். படகு மெத்தையில் படுத்ததுபோல மூட்டைகளில் அமர்ந்தது.

லியோ கம்பியை விட்டான். பேரிங்கைத் தாண்டியது. கப்ளிங்கில் முட்டி நின்றது. அழுத்தினான். அசையவில்லை.

கம்பியை அப்படியே விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தான். "ரெண்டு கப்ளிங்கயும் நான்தான் சாவடிச்சேன்," என்றான் மெதுவாக.

"எழுந்திருங்க. கிரீஸ் தடவுங்க," என்று சொல்லிவிட்டு கிறிஸ்டினா திரும்பவும் சந்துக்குள் இறங்கினாள். இந்த முறை நட்டுகளை இறக்க வேண்டியிருந்தது. வெயில் சாய்வதற்குள் கம்பி மறுபடி இரண்டு விரலில் போனது. டிரைவைத் தூக்கிப் பிடித்தபோது யாரும் தள்ளவேண்டியிருக்கவில்லை. ஷாஃப்டு தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. லியோ அவளைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் பூசை முடிந்ததும் இருவரும் கோயில் உடுப்போடே மணப்பட்டுக்கு வந்துவிட்டார்கள். மீன் விற்கும் பெண்கள் தலை நிறையப் பூவோடு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு படகில் ஏறினார்கள். ஸ்டியரிங்கில் சின்னபொண்ணு. முகத்துவாரத்தில் அலை முகத்தில் அடித்ததும் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். கிறிஸ்டினா கத்தவில்லை. இன்ஜின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஜினில் ஒரு உதறலும் இல்லை. ஒரே சீரான உறுமல்தான்.

பக்கத்தில் வந்த படகிலிருந்து ஓர் ஆள் சத்தம் போட்டான். "இன்னாம்மா, இந்தத் தபா ஓடுது! யாரு ரெடி பண்ணது?"

"நாங்க ரெண்டு பேரும்," என்றான் லியோ.

"அப்படிப் பொதுவா சொல்லாதீங்க," என்றாள் கிறிஸ்டினா. எழுந்து நின்று, அந்தப் படகுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "கம்பி கடைஞ்சது நானு. நட்டத் திருப்பினது நானு. மணல் மூட்ட என் யோசன. இன்ஜின எறக்கி டிரைவ மாட்டினது அவுரு!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லியோவும் சிரித்தான். "கேட்டுக்கினியாபா? அதான் நெசம்!" என்று தன் பங்குக்குக் கத்தினான். அந்த ஆள், தன் அக்கா மகன் படகிலும் இதே மாதிரி இன்ஜின்தான், அந்தக் கம்பியைக் கொஞ்சம் இரவல் தர முடியுமா என்று கேட்டான்.

"இரவல் கெடயாது. வில்லியனூர் வாங்க, உங்களுக்கு ஒண்ணு கடைஞ்சி தர்றேன்!"

கரை சிறுத்து, சவுக்குத் தோப்பு ஒரு பச்சைக் கோடாகிவிட்டது. பெண்களில் ஒருத்தி கடலில் கையை விட்டு, அள்ளிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னொருத்தி காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். சின்னபொண்ணு ஸ்டியரிங்கை விடாமல் தலையைத் திருப்பினாள். லியோவைப் பார்க்கவில்லை, கிறிஸ்டினாவைப் பார்த்தாள்.

"இன்னும் உள்ள போலாமா, பொண்ணு?"

"போங்கக்கா," என்றாள் கிறிஸ்டினா. "எவ்ளோ தூரம் வேணுமோ போங்க."