துணிக் கனம்

தையல்காரியின் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக இருந்த சுவர், பக்கத்து வீட்டாரைப் பற்றி யாராவது "அவங்களே அப்படித்தான்" என்று சொன்னால் தடித்தது. சும்மா பேச்சுக்குச் சொன்னால் ஒரு துணியின் கனம், மனசாரச் சொன்னால் கால் அங்குலம். சொன்னவர்களின் வீட்டுப் பக்கமாகத்தான் அது வளரும். அவள் பிறந்த வருஷம் முக்கால் அடியாக இருந்த சுவர், அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது புத்தக அலமாரியை விழுங்கியிருந்தது. அவள் தையல் கற்று முடித்த வருஷம் பதினாலடிக் கூடம் ஐந்தடிக்கு இறங்கியது. அதே வருஷம்தான் பால் விலையும் ஏறியது, தெருவில் அதிகம் பேசப்பட்டது பால்தான்.

பக்கத்து வீட்டார் செய்த குற்றம், துணியை உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போட்டது. வேறு ஒன்றும் கிடையாது. அப்படிப் போட்டால் சாயம் வெளுக்காது என்பது தையல்காரிக்குத் தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது அதைச் சொல்லியும் பார்த்தாள். "நீயும் அவங்க பக்கம் பேச ஆரம்பிச்சிட்டியா?" என்று அம்மா கேட்டாள். அண்ணன் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தான். அதற்குப் பிறகு அவளும் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள். அந்த வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சிரிப்பதற்கு வேறு விஷயம் இல்லை, தனியாகச் சிரிக்கவும் அவளுக்குப் பிடிக்காது.

அப்பா பஸ் கண்டக்டர். நெரிசலில் பக்கவாட்டில் நடந்தே இருபத்தாறு வருஷ சர்வீஸை முடித்தவர் என்பதால், கூடம் குறுகியபோது குடும்பத்துக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இடது தோள் முன்னே, வயிறு உள்ளே. சில வருஷங்களில் அது பழக்கமாகி, பழக்கம் பெருமையாகி, அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது "பொண்ணு பக்கவாட்டுல நடக்குமா?" என்று முதலில் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. தெருவில் நேராக நடந்து வருகிறவர்களைப் பார்த்தால் அம்மா முகத்தைச் சுளிப்பாள். "நெஞ்சை நிமித்திக்கிட்டு வர்றதைப் பாரு" என்பாள். நகராட்சி இன்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, ஈரம் என்று எழுதிக்கொண்டு போனார். அப்பாவிடம் வேறு விளக்கம் இருந்தது. "அந்தப் பக்கத்துலேருந்து அவங்கதான் தள்ளுறாங்க. அவங்களே அப்படித்தான்" என்றார். அதற்குக் கால் அங்குலம் போயிற்று.

தையல்காரிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மேசை. ஆறடி நீளம், மூன்றடி அகலம். கூடத்தில் எப்படியோ ஒன்றைப் போட்டுவைத்திருந்தாள். மேசை இல்லாமல் துணி வெட்ட முடியாது, வெட்டாமல் தைக்க முடியாது, தைக்காவிட்டால் ஆயுசுக்கும் அண்ணன் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது சீருடைகளுக்கு ஆர்டர் வந்த வாரம், சுவர் மேசையின் விளிம்பைத் தொட்டது. அவள் அப்பாவிடம் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு வாரம் அவங்களைப் பத்திப் பேசாம இருங்கப்பா."

"எனக்கென்னம்மா, நான் எங்க பேசறேன்?" என்றார் அவர்.

முதல் நாள் சாப்பாட்டில் அப்பா "மழை வரும் போல" என்றார். அம்மா "ம்" என்றாள். இரண்டாம் நாள் அதையும் சொல்ல ஆளில்லை. மூன்றாம் நாள் அப்பாவுக்கு விக்கல் பிடித்தது. தண்ணீர், சர்க்கரை, முதுகில் தட்டல், எதற்கும் நிற்கவில்லை. நான்காம் நாள் அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "பாவம், அந்த மனுஷனை வாய் விட்டுப் பேச விடுடி" என்றாள். அப்பா முக்கால் மணி நேரம் பேசினார். விக்கல் நின்றது. சுவர் ஒன்றரை அடி வந்து மேசையைக் கவிழ்த்தது. "மேசையை வித்துடலாம்" என்றான் அண்ணன்.

அவளுக்கு வந்த கோபம் அதுவரை வந்ததில்லை. சுத்தியலை எடுத்து அடித்தாள். ஐந்தாவது அடியில் சுவர் பொத்துக்கொண்டது. வெறும் பேச்சால் வளர்ந்த சுவர் என்பதால் உள்ளே ஒன்றுமே இல்லை. மெல்லிய ஓட்டுக்குப் பின்னால் இருபதடி அகலத்தில் காலி அறை. மேசையை உள்ளே இழுத்துப் போட்டாள். தெருப்பக்கம் ஒரு கதவு வைத்தாள். நகராட்சி அதற்குப் பதினேழு-ஏ என்று எண் கொடுத்தது.

புது அறைக்கு வந்த முதல் வாடிக்கையாளர் பக்கத்து வீட்டுக் கடிகார ரிப்பேர்காரர். அகலமான கதவு வழியாக இடது தோளை முன்னே நீட்டி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். தையல்காரி அவர் தோளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல நாலரை அடிதான் மிச்சம். நீங்கதான் தள்ளுறீங்கன்னு நெனச்சோம்" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறோம்" என்று சொல்லிச் சட்டைத் துணியை நீட்டினார்.

அளவெடுத்தபோது மார்பு, தோள், கை எல்லாம் அப்பாவின் அளவாகவே வந்தன. காகிதத்தில் வெட்டிய ஒரே அளவு மாதிரியில் இரண்டு வீட்டுக்கும் தைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குத் தொழில் மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டாள். இரண்டு வீடுகளும் பேசப் பேச, அவளுடைய அறை இரண்டு பக்கமும் விரிந்தது. வேலையும் பெருகியது. அங்கே கூடத்தில் அம்மா ஒருக்களித்துப் படுத்தால் புரள இடமில்லை. தையல்காரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "இங்க வந்து படுத்துக்கோம்மா" என்று கூப்பிட்டாள். "அவங்க சுவரு பாதி இருக்கற இடத்துல நான் படுக்கறதா?" என்றாள் அம்மா.

மழைக்காலத்துக்கு முன்பு ஒரு மருத்துவமனை முந்நூறு உடுப்புகள் கேட்டது. இரண்டாவது மெஷின் வேண்டும், அதற்கு இன்னும் மூன்றடி வேண்டும். தையல்காரி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் தேநீரைக் கொடுத்தபடி, குரலில் ஒன்றும் காட்டாமல் சொன்னாள்:

"பக்கத்து வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்திருக்காங்க போலப்பா."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அவள் தன் அறைக்குத் திரும்பி, புது மெஷினுக்காகச் சுவரோரம் கிடந்த துணிக்கட்டுகளை நடுவுக்கு நகர்த்திவிட்டு, மெஷின் கடைக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொன்னாள்.