பாய்மரத்துக்கு அடியில் இருந்த பெயர்

திங்கட்கிழமைக்குள் பதக்கத்தைக் காட்டாவிட்டால் வீடு எங்களுடையது அல்ல. உடைந்த கப்பலிலிருந்து ஒன்பது பேரைக் கரை சேர்த்ததற்காக என் கொள்ளுத்தாத்தா எனோக் பெத்தெலுக்குக் கப்பல்காரர்கள் ஒரு பதக்கமும் கரியாக்கு தீவில் இந்த நிலமும் கொடுத்தார்கள். நிலப் பத்திரம் கடந்த புயலில் பறந்துவிட்டது. விடுதி கட்ட வந்தவர் இப்போது நிலம் தன்னுடையது என்கிறார். பெயர் பொறித்த பதக்கம் இருந்தால் பார்க்கலாம் என்று பக்கத்துப் பெரிய தீவான கிரெனடாவில் நீதிபதி சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் தேடினேன். அத்தைகளின் பெட்டிகளைக் கொட்டிப் பார்த்தாயிற்று. தேவாலயப் பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானம் மட்டும் இருந்தது. கடைசியில் படகுத் தச்சர் செஃபரினின் பட்டறை வாசலில் போய் நின்றேன்.

"என்ன வெர்லின், நிக்கிறதுக்கா வந்தே? பேசுனா பல்லு கொட்டிருமா?"

பதக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் உளியைக் கீழே வைத்தார்.

"அட கிறுக்குங்களா! அது உங்க படகுலதான் இருக்கு. பாய்மரம் நடுறப்ப எல்லாரும் அடியில ஒரு காசு வைப்பாங்க. உன் கொள்ளுப்பாட்டன் பதக்கத்தையே வச்சான். எங்கப்பாதான் மரத்தை எறக்குனாரு. படகை மொதல்ல கடல்ல விடுறப்ப ஆட்டு ரத்தமும் ரம்மும் அது மேலதான் ஊத்துனாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா மறுத்தார். "வச்சதை எடுத்தா படகு செத்துச்சுன்னு அர்த்தம்டி."

"வீடு போனா படகை எங்க கட்டிப்போடுவே, அப்பா?"

சனிக்கிழமை காலை ஆறு பேர் சேர்ந்து மரத்தை உருவினார்கள். அத்தைகள் பார்க்க மாட்டோம் என்று திரும்பி நின்றார்கள். செஃபரின் மரம் நின்ற குழிக்குள் கைவிட்டுக் கறுத்த தகடு ஒன்றை எடுத்தார். அப்பா எலுமிச்சை போட்டுத் தேய்த்தார். திருப்பித் தேய்த்தார். இரண்டு பக்கமும் மொட்டை. அறுபது வருஷ உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் தின்றிருந்தது.

"போச்சு. வீடும் போச்சு, படகும் போச்சு," என்று அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

என் அழுகையை யாரும் பார்க்கக் கூடாதென்று, கிடத்தியிருந்த மரத்தின் அடிப்பக்கம் போய் ஒண்டிக்கொண்டேன். கை அதன் அடிமுனையில் பட்டது. வட்டமாக ஒரு பள்ளம். அதற்குள் சின்னச் சின்ன மேடுகள். புதுப் பதக்கத்தின் மேல் அழுந்திய மரம், பொறித்த எழுத்துகளை அன்றே தன்மேல் வாங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா."

யாருக்கும் கேட்கவில்லை.

"அப்பா!"

எழுத்துகள் இடவலம் மாறியிருந்தன. அப்பாவின் சவரக் கண்ணாடியைப் பிடித்தோம். எனோக் பெத்தெல், கரியாக்கு.

"ஐயோ, முழு மரத்தையும் கோர்ட்டுக்குத் தூக்கிட்டா போறது?" என்றார் பெரிய அத்தை.

செஃபரின் சிரிக்காமல் அப்பாவைப் பார்த்தார். "ஒரு முழம் அறுக்கணும். அறுத்தா மரம் குட்டை. பாய் ஏறாது. இந்த வருஷம் கடலை மறந்துரு ஆல்வின்."

"நீதிபதி மரத்தை நம்புவாரா?" என்றார் அப்பா.

பிறகு அவரே கையை நீட்டிச் செஃபரினிடம் ரம்பத்தை வாங்கினார். பெயர் இருந்த பக்கத்தை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.