துணிப்பணத்துக்கு ஒரு சான்றிதழ்

பழம்பணச் சேகரிப்பாளர் சங்கத்தில் உறுப்பினர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒன்பது பேருக்குப் பதவி உண்டு. மீதி இருவரும் மனம் வருந்தக் கூடாதே என்று "சிறப்பு ஆலோசகர்" என்று ஒரு பதவியை உண்டாக்கி, ஆளுக்கு ஆறு மாதம் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இத்தனை பதவிகளுக்கும் மேலே, சங்கத்தின் ஒரே சுழல் நாற்காலியில், பதினான்கு வருடமாகத் தலைவர் உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் அவரைத் தலைவர் என்றுதான் சொல்வார்கள். மனைவி மட்டும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்.

தலைவரின் பெருமை முழுவதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணியில் இருந்தது. எண்பது வருடங்களுக்கு முன்னால், சண்டைக் காலத்தில், நகரத்துக்கு வரும் பாதைகள் எல்லாம் அடைபட்டுப் போயின. காகிதம் தீர்ந்துவிட்டது. கூலி கொடுக்க நோட்டு இல்லை. நகராட்சி அலுவலகம் யோசித்துப் பார்த்தது. ஆலையில் கிடந்த பருத்தித் துணியை வெட்டி, நீல மையில் 'பத்து' என்று அச்சடித்து வெளியே விட்டது. "பாதை திறந்தபின் இதைக் கொண்டுவருபவருக்கு இந்த அலுவலகம் பத்து தரும்" என்று அதில் வாசகம். கீழே ஒரு கையெழுத்து. கொசுவை அடித்த இடம் மாதிரி இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் தலைவர் ஓர் ஏலத்தில் எடுத்தது 417ஆம் எண்.

துணிப்பணம் சேகரிப்பவர்களுக்கு ஓர் அளவுகோல் உண்டு. கிழிசலையும் கறையையும் அவர்கள் மன்னித்துவிடுவார்கள். தண்ணீர் பட்டதா, படாததா என்பதுதான் கேள்வி. சட்டைப் பையோடு சலவைக்குப் போய் வந்தது மட்டமான தரம். கஞ்சி போட்டது அதைவிட மட்டம். அப்படிப்பட்டதை வைத்திருப்பவர்கள் கூட்டத்தில் தாமாகவே பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். தலைவருடையது ஈரமே அறியாதது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே படுத்திருக்கும். அதை வெளியே எடுக்க வெள்ளைக் கையுறை, இடுக்கி, நாற்பது நிமிடச் சொற்பொழிவு மூன்றும் தேவை.

அது போலி என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். சங்கத்தின் துணைத்தலைவர். காசுக்குப் பதிலாகப் புழங்கிய பழைய பித்தளை வில்லைகளைச் சேர்ப்பவர் என்பதால் அவருக்குப் பித்தளை என்றே பெயர். மூன்று வருடமாக, ஒவ்வொரு கூட்டத்திலும், யாரும் கேட்காமலேயே மூன்று காரணங்களைச் சொல்வார். நூல் ரொம்பச் சீராக இருக்கிறது. மை ரொம்ப நீலமாக இருக்கிறது. 'பத்து' ரொம்ப நேராக நிற்கிறது. "யாரோ தலையணை உறையை வெட்டி அவர் தலையில கட்டிட்டாங்க" என்பது முடிவுரை.

சங்கத்தின் வெள்ளிவிழா மலர் அச்சுக்குப் போக இருந்தது. முதல் பக்கத்தில் யாருடைய பொருள் வருவது என்பதில் சண்டை. வெளியிட்ட இடத்திலிருந்தே சான்றிதழ் பெற்ற பொருளுக்குத்தான் முதல் பக்கம் என்று பித்தளை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவரிடம் ஏற்கெனவே ஒரு சான்றிதழ் இருந்தது. பழைய டிராம் வண்டி வில்லை ஒன்றைப் பற்றிப் போக்குவரத்து அலுவலகம் எழுதிய கடிதம்: "இது எங்களுடையதுதான். இனிச் செல்லாது." தலைவர் அசரவில்லை. நகராட்சி அலுவலகம் இன்னும் அதே கட்டடத்தில்தானே இருக்கிறது?

"நாளைக்கே போறேன். நீங்களும் வாங்க. உங்க கண்ணாலயே பாருங்க" என்றார்.

வந்தவர்கள் மூன்று பேர். தலைவர், பித்தளை, கண்ணாடித் தகடுகள் இருந்த பெட்டியைச் சுமந்துவந்த, தலைவரின் மனைவியுடைய தம்பி. இவர்தான் சங்கச் செயலாளர். எதையும் சேகரிக்காதவர். ஸ்கூட்டர் வைத்திருந்ததால் பதவி கிடைத்தது.

நான்காம் எண் ஜன்னலுக்கு மேலே "பழைய பதிவுகள், இதர" என்று எழுதியிருந்தது. உள்ளே மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்து மாட்டியிருந்த ஓர் எழுத்தர் அம்மாள், கட்டை விரலில் ரப்பர் உறையோடு ஏதோ தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பழம்பணச் சேகரிப்பாளர் சங்கத் தலைவர்" என்றார் தலைவர்.

"சரி. என்ன வேணும்?"

தலைவர் கையுறை மாட்டிக்கொண்டு, தகடுகளைப் பிரித்து, இடுக்கியால் துணியை எடுத்துக் காட்டினார். "இது உங்க அலுவலகம் வெளியிட்ட அசல்தான்னு ஒரு சான்றிதழ் வேணும்."

அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "துணிப்பணமா? அதுக்குத் தனியா படிவம் இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்து இருபத்தெட்டு வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்லை. இருங்க."

மூன்று பக்கப் படிவம் வந்தது. எழுத்து எறும்பு ஊர்வது போல இருந்தது.

"அத்தான், ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு..." என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"மாப்ளே, கையெழுத்துப் போடறது என் வேலை. படிக்கிறது அவங்க வேலை" என்று தலைவர் மூன்று பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரட்டைக் கோடு இழுத்தார். அம்மாள் படிவத்தோடு துணியையும் வெறுங்கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். வெறுங்கையைப் பார்த்துத் தலைவருக்கு உடம்பு ஒரு முறை கூசியது. சான்றிதழுக்காகப் பொறுத்துக்கொண்டார்.

பீரோவுக்கு மேலிருந்து ஒரு தடித்த பேரேடு இறங்கியது. ரப்பர் விரல் வரிசையாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"நானூத்திப் பதினேழு. ஆமா, இருக்கு. மொத்தம் அடிச்சது அறுநூறு. பாதை திறந்ததும் எல்லாரும் கொண்டுவந்து மாத்திட்டாங்க. ஐந்நூத்தித் தொண்ணூத்தொம்பது வந்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

தலைவர் மெதுவாகப் பித்தளையின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? உலகத்துலயே ஒண்ணு."

"காது கேக்குது" என்றார் பித்தளை. அவர் முகம் பழைய வில்லை போல மங்கியிருந்தது.

அந்த ஒரு நிமிடம் தலைவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். பிறகு அம்மாள் இழுப்பறையைத் திறந்து பெரிய கத்தரிக்கோல் ஒன்றை எடுத்தார்.

"அது எதுக்கும்மா?"

"வெட்டறதுக்கு."

"எதை?"

"இதைத்தான். நடுவுல குறுக்கா ஒரு வெட்டு வெட்டி, பேரேட்டுல ஒட்டணும். உங்களுக்குப் பத்து கொடுத்துடுவேன். சான்றிதழும் உண்டு. 'அசல், பெறப்பட்டு வெட்டப்பட்டது'ன்னு சீல் போட்டே தரேன். இந்த ஒண்ணு வராததால இந்தப் பேரேட்டை மூட முடியாம எனக்கு முன்னாடி இருந்த நாலு பேர் ரிட்டயர் ஆயிட்டாங்க. அடுத்த மாசம் நானும் போறேன். நல்ல நேரத்துல வந்தீங்க."

"அம்மா, நான் பத்து கேக்கலை. சான்றிதழ்தான் கேட்டேன்."

"நீங்க கையெழுத்துப் போட்டது ஒப்படைப்புப் படிவம். இரட்டைக் கோடு வேற போட்டிருக்கீங்க."

"நான் சொன்னேனே" என்று செயலாளர் வாய்க்குள் சொன்னார்.

"சரி, ஒப்படைக்கலை. திருப்பிக் கொடுங்க."

"அசலா இருந்தா திருப்பித் தர முடியாதுங்க. ரெண்டாம் பக்கம், அடியில இருக்கு. அசல் இல்லேன்னா தாராளமா எடுத்துட்டுப் போகலாம். இது என்னன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும், விவரம் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சி போடணும்."

மேலே மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது. கத்தரிக்கோலின் இரண்டு முனைகளும் தலைவரையே பார்த்தன.

"அசல் இல்லை" என்றார் தலைவர்.

"இல்லையா?"

"எப்படிம்மா இருக்கும்? நூலைப் பாருங்க, எவ்வளவு சீரா இருக்கு. மையைப் பாருங்க, என்னமா நீலம். அந்தப் 'பத்து' எப்படி நிக்குது பாருங்க, ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி. யாரோ தலையணை உறையை வெட்டி என் தலையில கட்டிட்டாங்க." சொல்லிவிட்டுப் பித்தளையின் பக்கம் கையை நீட்டினார். "இவர் நிபுணர். மூணு வருஷமா இதைத்தான் சொல்றார். சாட்சி போடுவார்."

பித்தளை தொண்டையைச் செருமினார். மூன்று வருடமாக அவர் காத்திருந்த தருணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று செயலாளர் நினைத்தார். பித்தளையோ ஜன்னலுக்குள் தலையை நீட்டி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"அம்மா, இது அசல்."

"பித்தளை" என்றார் தலைவர்.

"நூறு சதவீதம் அசல். நூல் சீரா இருக்குன்னா, அந்தக் காலத்து ஆலை அப்படி. மை மங்கலைன்னா, துவைக்கலைன்னு அர்த்தம். எழுத்து நேரா இருக்குன்னா, அச்சு புதுசு. இதெல்லாம் நான் சொல்லலை. எங்க தலைவர் நாப்பது நிமிஷம் பேசினது, சங்கக் குறிப்புல இருக்கு. தயங்காம வெட்டுங்க."

"மூணு வருஷமா போலின்னு சொன்ன வாய்தானே இது?"

"மூணு வருஷமா அசல்னு சொன்ன வாய் அது."

"நான் ஏமாந்துட்டேன்."

"அடக்கமா பேசறார்மா. அவரு ஏமாறுற ஆளே இல்லை. சங்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

பதினான்கு வருடத்தில் பித்தளை தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசித் தலைவர் கேட்டது இதுதான் முதல்முறை. அவருக்கு வியர்த்துவிட்டது.

அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். "முதல்ல எழுதுங்க. அசல் இல்லேன்னா, இது என்ன?"

தலைவர் பேனாவைப் பிடித்தபடி துணியைப் பார்த்தார். சதுரம். பருத்தி. உள்ளங்கை அகலம். வேறு எதுவும் தோன்றவில்லை. 'கைக்குட்டை' என்று எழுதினார். இந்த முறை கோடு போடவில்லை.

"கைக்குட்டையா?"

"ஆமாம்மா. என்னோட கைக்குட்டை."

"அப்ப மூக்கைச் சிந்துங்க."

"என்னது?"

"ஒருத்தர் அசல்ங்கறார், ஒருத்தர் இல்லேங்கறார். நான் எதை நம்பறது? அசல் வச்சிருக்கிறவன் எவனும் அதுல மூக்கைச் சிந்த மாட்டான். நீங்க சிந்துங்க, நான் எழுதிக்கிறேன். எனக்கும் மனசு நிம்மதியா இருக்கும்." அவர் துணியை ஜன்னல் வழியாக நீட்டினார், மறுமுனையை விடவில்லை.

"எனக்குச் சளி இல்லையே" என்றார் தலைவர், குரலே எழும்பாமல்.

"முயற்சி பண்ணுங்க."

பின்னால் வரிசையில் நின்ற நான்கு பேர் தங்கள் வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கையுறைகளைக் கழற்றிச் செயலாளரிடம் கொடுத்தார். துணியை முகத்தருகே கொண்டுபோனார். எண்பது வருடமாக ஈரமே அறியாத நூல்கள்.

"வேண்டாம்மா" என்றார் பித்தளை. குரல் உடைந்திருந்தது. "இதுக்குப் பதிலா வெட்டிடுங்க. வெட்டினா ரெண்டு துண்டுலயும் தரம் இருக்கும். இது... இது வேண்டாம்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு சிந்தினார்.

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் பித்தளை சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்மாள் மறுமுனையை உடனே விட்டுவிட்டு, பதிவேட்டில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "கைக்குட்டை. ஒன்று. உபயோகப்படுத்தியது. உரியவரிடம் திருப்பித் தரப்பட்டது. சாட்சி?"

பித்தளை கையெழுத்துப் போட்டார். அசல் என்று அவர் இனி யாரிடம் வாதாடுவது? வாதாடி என்னத்தை மீட்பது?

வெளியே வந்ததும் மூவரும் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். நல்ல வெயில். தலைவர் துணியை இரண்டு மூலையில் பிடித்து விரித்தார். நடுவில் ஈரம் ஒரு காசு அளவுக்குப் பரவியிருந்தது.

"பலமா சிந்தினீங்களா, லேசாவா?" என்று கேட்டார் பித்தளை.

"லேசாத்தான்."

"மடிக்காதீங்க. மடிச்சா வரி விழும். இப்படிக் கொடுங்க." அவர் அடுத்த இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டார். சங்கத்தின் தலைவரும் துணைத்தலைவரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, உள்ளங்கை அகலத் துணியை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"ஊதட்டுமா?" என்றார் செயலாளர்.

"நீ சும்மா இரு, மாப்ளே."

கொஞ்ச நேரம் கழித்துத் தலைவர் சொன்னார்: "முதல் பக்கம் உங்க வில்லைக்குத்தான். நானே அச்சகத்துக்கு எழுதிடறேன். கைக்குட்டையை எப்படிப் போடறது?"

பித்தளை குனிந்து ஈரத்தின் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தார். "சாயம் போகலை பாருங்க. ஒரு நூல்ல கூடப் பரவலை."

"பரவாது. அசலாச்சே."

"எனக்குத் தெரியாதா?"

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"ஏலத்துல நீங்க எழுந்து நின்னு கையைத் தூக்கினீங்களே, அன்னிக்கே. உங்களுக்கு ரெண்டு வரிசை பின்னால நானும் கையைத் தூக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க முதுகுக்குப் பின்னால ஏலக்காரருக்கு என் கை தெரியலை."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது. பதினான்கு வருடமாகப் பழக்கம் விட்டுப்போனதால் அதற்கான வார்த்தைகள் சட்டென்று வரவில்லை.

"எனக்குக் கை வலிக்குது" என்றார். "இந்த முனையையும் நீங்களே பிடிங்க. காயற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."