பழசா, புதுசா?

முருங்கன் ஊரில் கிருஷாந்தனும் ஜெனோஜனும் கூட்டாக ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார்கள். கலியாணம், பெண்பிள்ளை பருவமடையும்போது செய்யும் சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா எதுவென்றாலும் அவர்களுடைய பெட்டிகள்தான் போகும். பாட்டெல்லாம் ஒரு லப்டொப்பில். அதில் பாட்டுப் போடும் மென்பொருளின் புதிய பதிப்பை ஜெனோஜன் ஏற்றிய நாளிலிருந்து கிருஷாந்தனுக்குச் சத்தம் பிடிக்கவில்லை.

"மங்கலாக் கிடக்கடாப்பா. தாளம் போர்வைக்குள்ளால கேக்கிற மாதிரி."

"எனக்கு வித்தியாசம் ஒண்டும் தெரியேல்ல அண்ணை."

அந்தப் பதில்தான் கிருஷாந்தனைக் குடைந்தது. ஜெனோஜன் கூர்மையான காதுக்காரன். அவனுக்குக் கேட்காமல் போகுமா? அண்மையில் பெட்டிகளை முசலிப் பக்கம் தனியாகக் கொண்டுபோய் வந்தவனும் அவன்தான். உள்ளிருந்த நல்ல ஸ்பீக்கர்களைக் கழற்றி விற்றுவிட்டு, புதிய மென்பொருளை ஒரு சாட்டாக வைத்திருக்கிறானோ?

நினைத்ததை மனதுக்குள் வைத்திருக்கவும் அவனால் முடியவில்லை. தேத்தண்ணிக் கடையில் லொறிக்காரச் சிவராசாவிடம், "எங்கட பொக்ஸுக்குள்ள ஆரோ கை வைச்சிருக்கினம்" என்றான். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

கதை காதுக்கு எட்டி, அடுத்தநாள் காலை ஜெனோஜன் கிருஷாந்தன் வீட்டுக்கு வந்தான். இரண்டு பெட்டிகளையும் திறந்து காட்டினான். அதே பழைய ஸ்பீக்கர்கள், தூசி படிந்தபடி இருந்தன.

"அப்ப மென்பொருள்தான் பிழை" என்றான் கிருஷாந்தன், விடாமல்.

ஜெனோஜன் பழைய பதிப்பையும் லப்டொப்பில் ஏற்றினான். "தக்சிகா அக்கா மாறி மாறிப் போடட்டும். நாங்கள் சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பம்."

மீன் வெட்டிக்கொண்டிருந்த கிருஷாந்தனின் மனைவி தக்சிகா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

"இது புதுசு. ஒரே மங்கல்" என்றான் கிருஷாந்தன். அடுத்த தரம், "இதுதான் பழசு! என்ன தெளிவு பார்!" ஒருமுறைகூட அவன் தயங்கவில்லை.

"எத்தினை சரி?" என்று கிருஷாந்தன் மனைவியைக் கேட்டான்.

தக்சிகா தலை குனிந்தாள். "நான் புதுசைத் தொடவேயில்லை. எல்லாத் தரமும் பழசைத்தான் போட்டனான்."

இரண்டு பேரும் பேசி வைத்துச் செய்கிறார்களோ என்று ஒரு கணம் அவளையும் சந்தேகித்தான். "இரண்டையும் கலந்து போடு" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். இந்தமுறை எது பழசு, எது புதுசு என்று அவனால் பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே கேட்டன. கண்ணைத் திறந்தபோது புதிய பதிப்பின் கறுத்த திரை தெரிந்தது. உடனே பாட்டு மறுபடி மங்கியது.

"நீங்கள் கண்ணாலதான் கேட்டிருக்கிறியள்" என்றாள் தக்சிகா.

ஜெனோஜன் சிரிக்கவில்லை. "கடையில நீங்கள் சொன்னதை நாலு பேர் கேட்டவை, அண்ணை."

கிருஷாந்தன் எழும்பினான். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "பிழை என்ர. ஜெனோஜன் ஒண்டும் செய்யேல்ல" என்றான். சிவராசா, "ஓம், ஓம்" என்று தலையாட்டினான். ஆனால் அந்தத் தலையாட்டலில், இருவரும் தங்களுக்குள் களவைப் பேசித் தீர்த்துவிட்டார்கள் என்ற நினைப்புத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் ஒரு சாமத்தியச் சடங்கு. கிருஷாந்தன் லப்டொப்பை ஜெனோஜன் பக்கம் தள்ளினான். "நீயே போடு. எந்தப் பதிப்பெண்டாலும் பரவாயில்லை."

"வேண்டாம்" என்றான் ஜெனோஜன். "நீங்களே போடுங்கோ. பிறகு நான் என்னவோ செய்துபோட்டன் எண்டுவியள்."

சொல்லிவிட்டு அவன் வயரைச் சுற்றிக்கொண்டு பந்தலின் மறுபக்கம் போனான்.